கொட்டியாரக் குடாவும் கோணேசர் திருத்தொழும்பும்

ஈழமணித் திருநாட்டின் கீழ்பால் அமைந்த திருகோணமலை மாவட்டம், இறையருளும் இயற்கை எழிலும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மாவட்டமாகும். அதன் தென்பாகத்தில், கொட்டியாரக் குடாவை அணைத்தவாறு கிடக்கும் நிலப்பரப்பே கொட்டியாரப் பற்று. கொட்டியாபுரம் என்றும் இதனை அழைப்பர். மூதூர், கட்டைபறிச்சான், சேனையூர், கடற்கரைச்சேனை, சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா முதலான ஊர்கள் இப்பற்றின் கடலோரத்திலும் கடலுக்கு அண்மையிலும் அமைந்துள்ளன. சம்பூர்க் கரையில் நின்று வடக்கே நோக்கினால், வானம் தெளிந்த நாளில் குடாவுக்கு அப்பால் கோணமாமலையின் சுவாமிமலைப் பாறை கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் அந்தத் தலத்துக்குக் காலால் நடந்து செல்வது மட்டும் எளிதாக இருந்ததில்லை. இடையிலே கிடப்பது கடல்.

இந்தத் தண்ணீரைக் கடந்த வரலாறே கொட்டியாரப் பற்று ஊர்களின் வரலாறு எனலாம். பாலங்கள் அமைந்துவிட்ட பின்னர் பிறந்த பிள்ளைகள் இதனை அறிந்துகொள்ள வாய்ப்பில்லை. பஸ் வண்டியில் ஏறித் திருகோணமலைப் பட்டினத்தில் இறங்கும் பிள்ளைக்கு, தன் பாட்டனார் கோணேசரைத் தரிசிப்பதற்கு எத்தனை துறைகளில் காத்துக் கிடந்தார் என்பது கதையாகக்கூடச் சொல்லப்படுவதில்லை.

குடாவின் அமைப்பு

முதலிலே குடாவின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்ளல் வேண்டும். இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவந்து கொட்டியாரக் குடாவிலேயே கடலோடு கலக்கிறது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறு என்னும் பெயருடன் பிரிந்து, தெற்கே வெருகல் சித்திரவேலாயுத சுவாமி எழுந்தருளியிருக்கும் திருப்பதியின் பக்கமாகச் சென்று கடலை அடைகிறது. ஆறு கொண்டுவரும் மண்ணினால் குடாவின் தென்கரை ஆழங் குறைந்த சேற்றுக்கரையாகவும், கண்டல் மரங்கள் அடர்ந்த களப்புகளாகவும் விளங்குகிறது. குடாவின் வாயிலுக்குச் சென்றாலோ நிலைமை முற்றிலும் வேறு. கடலடியிலே பெரும் பள்ளத்தாக்கு ஒன்று திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கி வருவதால், கரைக்கு மிக அண்மையிலேயே ஆழங்காண முடியாத நீர் உண்டு. உலகின் பெரிய கப்பல்களும் திருகோணமலையை நாடி வந்தமைக்கு இதுவே காரணம். திமிங்கிலங்கள் கரைக்குச் சமீபமாக வருவதும் இதனாலேயே.

ஆகவே ஒரே குடாவில் சேறும் உண்டு, பாதாளமும் உண்டு. கச்சான் காற்றுக் காலத்தில் குடா பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் கடல் கொந்தளிக்கும், மகாவலியும் பெருகிவரும். மார்கழி வரைக்கும் கடல்வழியும் தரைவழியும் ஒரே காலத்தில் அடைபட்டுப்போகும் நாள்கள் உண்டு. திருவெம்பாவைக் காலத்தில் கோணேசர் சந்நிதிக்குச் செல்ல விரும்பிய கொட்டியாரத்து அடியார், தம் ஊர்க் கோயிலில் நின்றே வடக்கு நோக்கிக் கும்பிட்டமைக்கு இதுவே காரணம் எனக் கொள்வது பொருத்தமாகும்.

தரைவழி அடைபடுவானேன் என்று இளையோர் கேட்கக்கூடும். மூதூரிலிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்குச் செல்பவர் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என வரிசையாகத் துறைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தோணியோ பாதையோதான் துணை. பாதை என்பது இங்கே நடக்கும் வழியன்று. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வடக்கயிற்றைப் பற்றி இழுத்தோ இயந்திரத்தைக் கொண்டோ அக்கரை சேர்க்கும் மிதவைக்கே இப்பகுதியில் பாதை என்று பெயர். ஒரு துறையில் பாதை பழுதடைந்தால் முழுப் பயணமும் நின்றுவிடும். சுற்றுவழியாகச் செல்வதானால் அல்லை, கந்தளாய் என்று உள்நாட்டைச் சுற்ற வேண்டும். எனவே, குடாவை நேரே குறுக்கறுத்துச் செல்லும் பதினைந்து கிலோமீற்றருக்கு உட்பட்ட கடல்வழியே மூதூர் மக்களின் இராசவீதியாக இருந்தது.

பழைய துறை

கொட்டியாரம் அக்காலத்தில் திருகோணமலைக்குத் துணையான துறை மாத்திரமன்று. கண்டி மன்னர்களுக்குக் கிழக்குக் கடலைத் திறந்துவிட்ட வாயில்களுள் அதுவும் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பலர் இக்குடாவை நாடி வந்தனர். 1620இல் டேனிஷ்காரர் வந்தனர். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து, ஒல்லாந்தருடன் முரண்பட்டுத் திரும்பியது. இவர்களுள் கொட்டியாரத்தின் பெயரை உலகறியச் செய்தவர் படையோடு வந்தவர் அல்லர். புயலினால் பாய்மரம் முறிந்து வந்த ஒரு வணிகக் கப்பலின் மாலுமியே.

ரொபேர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் தம் தந்தையார் தலைவராயிருந்த ‘ஆன்’ என்னும் கப்பலில் வந்தவர். 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினக் கரையில் புயலில் அகப்பட்ட அக்கப்பல், புதிய பாய்மரம் இட்டுக்கொள்வதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. காட்டுமரம் நிறைந்த இடம் என்பதால் மாலுமிகள் இதனைத் தெரிந்தெடுத்தனர். 1660ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் வேறு மாலுமிகளையும் பிடித்துச் சென்றனர். தந்தை மறுவருடமே காய்ச்சலினால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்து, 1679இல் தப்பி மேற்குக்கரையிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் அக்கால இலங்கை மக்களின் வாழ்க்கையை அறிய இன்றும் பயன்படுகிறது. மூதூரில் புளியமரம் ஒன்றின் கீழ் நாட்டப்பட்ட நினைவுக்கல், அவர் பிடிபட்ட இடத்தைக் குறிக்கிறது. வெள்ளைக்காரன் மரம் என அவ்விடத்தைக் கூறுவர்.

வெள்ளைக்காரன் மரத்தைக் காட்டுவதற்கு ஊரில் ஆள் உண்டு. கோணேசருக்குத் திருத்தொழும்பு கொண்டுசென்ற துறை எதுவென்று காட்டுவதற்குத்தான் ஆள் குறைந்து வருகிறது.

கோணேசர் திருத்தொழும்பு

திருஞானசம்பந்தப் பெருமானால் பாடப்பெற்ற திருக்கோணேச்சரத்தின் ஆட்சி எல்லை சுவாமிமலையோடு முடிந்ததன்று. குளக்கோட்டு மன்னன் கோயிலும் குளமும் கட்டுவித்து, சோழநாட்டிலிருந்து குடிகளை வரவழைத்து, ஒவ்வொருவருக்கும் கோயிற் பணியைப் பகுத்தளித்தான் என்பது கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறும் மரபு. கவிராச வரோதயர் பெயரால் வழங்கும் இந்நூல், பெயரிலே கல்வெட்டு என்று இருப்பினும் கல்லிலே பொறிக்கப்பட்டதன்று. ஏட்டிலே எழுதப்பட்ட நூல். கோயிலுக்கு யார் என்ன செய்ய வேண்டும், எப்பகுதியார் எப்பொருளைத் தர வேண்டும் என்னும் ஒழுங்கை அது விரித்துரைக்கிறது. தானத்தார், வரிப்பத்தார் என்னும் பிரிவுகளும், அவர்களுக்குரிய கடமைகளும் அதிலே பேசப்படுகின்றன. பணிவிடையையும் பொருளையும் சேர்த்துத் தொழும்பு என்று வழங்கினர்.

திருகோணமலைப் பற்று, கட்டுக்குளப் பற்று, தம்பலகாமப் பற்று, கொட்டியாரப் பற்று என நான்கு பற்றுகளாக இம்மாவட்டம் வகுக்கப்பட்டிருந்தது. நான்கு பற்றாரும் கோணேசர் கோயிலோடு பிணைக்கப்பட்டவர்கள். இவற்றுள் கட்டுக்குளப் பற்றார் வடக்கிலிருந்து கரையால் நடந்து வரலாம். தம்பலகாமத்தார் வயல்வெளியைக் கடந்து வரலாம். கொட்டியாரத்தார் மாத்திரம் கோயிலுக்குரிய பொருளைத் தண்ணீரின் மேல் கொண்டுவர வேண்டியிருந்தது. மகாவலிக் கழிமுகத்தின் வளமான வயல் விளைவு இப்பற்றில் இருந்தது. விளைவு இருந்த இடம் ஒரு கரை, கோயில் இருந்த இடம் மறு கரை. எனவே கோயிற் பணியாளர் பட்டியலில் தோணி வலிப்பவரின் பெயர் முதலிடம் பெறாவிட்டாலும், அவர் இன்றி அந்தப் பணி எதுவும் நிறைவேறியிருக்காது. புராணமும் கல்வெட்டும் படிப்போர் பெரும்பாலும் இதனைக் கவனிப்பதில்லை.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். அதன்பின் வழிபாட்டு மரபின் ஒரு பகுதி தம்பலகாமம் ஆதிகோணநாயகர் ஆலயத்தில் தொடர்ந்தது. சுவாமிமலையிலே கோயில் இல்லாத அந்நீண்ட காலத்திலும், மலையுச்சியில் நின்று கடலுக்குப் பூவும் பழமும் இட்டு வழிபடும் வழக்கம் நிற்கவில்லை. 1950ஆம் ஆண்டு கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து திருவுருவங்கள் வெளிப்பட்டமையும், ஆலயம் மீளக் கட்டப்பெற்று 1963இல் கும்பாபிஷேகம் நிகழ்ந்தமையும் மூத்தோர் நினைவில் உள்ளவை.

கொட்டியாரப் பற்றுக்குள்ளும் திருப்பதிகள் பல. மகாவலியின் கரையில் அகத்திய முனிவர் சிவபூசை செய்ததைத் திருக்கரைசைப் புராணம் கூறுகிறது. கங்குவேலியில் உள்ள அகத்தியர் தாபனத்தை அத்தலத்தோடு இணைத்துப் போற்றுவர். வெருகல் சித்திரவேலாயுதர் மீது தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் பாடிய காதற் பிரபந்தமும் புகழ்பெற்றது. சம்பூர்ப் பத்திரகாளி அம்பாள் இக்கரையின் காவற்தெய்வமாக விளங்குகிறாள்.

லாஞ்சுக் காலம்

வள்ளமும் பாய்த்தோணியும் ஓடிய இடத்தில் பின்னர் இயந்திர லாஞ்சுகள் ஓடின. திருகோணமலை இறங்குதுறையிலிருந்து மூதூர் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் அல்லது அதற்குச் சற்றுக் கூடிய நேரம் செல்லும். காலையிலே மூதூரிலிருந்து புறப்படுவோர் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் போகிறவர்கள், படிக்கப் போகிற மாணவர், வியாபாரிகள். லாஞ்சில் எருமைத் தயிர்ச் சட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். மூதூர்த் தயிருக்கு இன்றும் தனிப்பெயர் உண்டு. மறுமுகமாக, சேருவில விகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகர் வருவர். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்களும் கோணேசரைக் கும்பிட்டபின் கொட்டியாரக் கரையைத் தொட்டு வெருகலுக்குப் போவது வழக்கம்.

மூதூர் முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் அருகருகே வாழும் ஊர். லாஞ்சிலே இரு சாராரும் ஒரே பலகையில் இருந்தனர். காற்று மாறியபோது ஒருவர் முருகனை அழைக்க, மற்றவர் அல்லாஹ்வை அழைத்தனர். நடுக்கடலில் இருப்போருக்கு வேற்றுமை பேச நேரமில்லை. கரையில் இறங்கிய பின் வந்த காலங்களில் அந்த ஒற்றுமைக்கு ஊறு நேர்ந்ததையும் மறைப்பதற்கில்லை.

இந்த ஊர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. 1980களிலும் 1990இலும் பல ஊர்கள் எரிந்தன, மக்கள் இடம்பெயர்ந்தனர். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டபோது மூதூர் நகரம் ஒரு கட்டுப்பாட்டிலும், சம்பூர்ப் பக்கம் மறு கட்டுப்பாட்டிலும் இருந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, பூரணை நாள். அன்று காலை ஆழிப்பேரலை மூதூரையும் கிண்ணியாவையும் தாக்கியது. கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. துன்பம் ஆறுவதற்குள் 2006 வந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மூதூரில் சண்டை மூண்டு, முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் கிண்ணியாவுக்கும் கந்தளாய்க்கும் நடந்தனர். பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய 17 உள்ளூர்ப் பணியாளர்கள் மூதூரிலே கொல்லப்பட்டனர். சம்பூர் மக்கள் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்துக் குண்டுவீச்சிலிருந்தே ஊரைவிட்டு நீங்கத் தொடங்கியிருந்தனர். செப்டெம்பர் 4இல் சம்பூர் இராணுவத்தின் வசமாயிற்று.

இடம்பெயர்ந்தோர் வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குச் சென்றனர். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தனர். கடலோர மக்கள் கடலைக் காணாது வாழ்ந்த காலம் அது. 2007இல் அப்பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அங்கே நிலக்கரி மின்நிலையமும் கைத்தொழில் வலயமும் அமையும் எனத் திட்டமிடப்பட்டது. 2015இல் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்ட 818 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டு மக்கள் திரும்பத் தொடங்கினர். கடற்படை முகாம் இருந்த காணி 2016இல் விடுவிக்கப்பட்டது. நிலக்கரித் திட்டமும் அவ்வாண்டே கைவிடப்பட்டது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பூசையும் விளக்கும் இன்றி இருந்த ஊருக்கு மீண்டவர்கள், முதலிலே பற்றையை வெட்டித் தேடியது தம் வீட்டு வளவையும் கோயில் வளவையுமே.

பாலம் வந்தது

2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமுடைய இப்பாலம் சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் கட்டப்பட்டது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய துறைகளும் பாலங்களாயின. மூதூரிலிருந்து திருகோணமலைக்கு இடையில் எங்கும் இறங்காமல் பஸ் வண்டியில் செல்லக்கூடியதாயிற்று. கர்ப்பிணித் தாய்மாரையும் பாம்பு கடித்தவரையும் நள்ளிரவிலே கொண்டுசெல்ல வழி பிறந்தது. பழைய லாஞ்சுப் பயணத்தை இன்பமாக நினைவுகூர்பவர்கள், வாடைக்கடலில் நோயாளியோடு நின்றவரைக் கேட்டறிந்த பின் பேசுவது நல்லது. பாலத்தினால் வந்த நன்மை பெரிது.

ஆயினும் ஒன்று நடந்தது. லாஞ்சு செல்லும் நேரத்துக்கு ஊர்மக்கள் கூட்டாகத் திரளும் வழக்கம் அற்றுப்போயிற்று. விரதகாலத்தில் ஒரு லாஞ்சு பேசி, ஊரே சேர்ந்து கோணேசர் தரிசனத்துக்குப் போனதுபோல் இப்போது போவதில்லை. அவரவர் மோட்டார் சைக்கிளில் போய் வருகின்றனர். போவோர் தொகை கூடியிருக்கலாம். கூடிப் போவது குறைந்துவிட்டது.

யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் நிலைமை வேறு. புங்குடுதீவின் மேற்குக் கோடியிலே குறிகட்டுவான் என்னும் சிறிய இடம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வேலணையைக் கடந்து, கடலுக்குக் குறுக்கான வாணர் தாம்போதியால் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்தே செல்வர். நயினை நாகபூஷணி அம்பாளின் ஆனி மகோற்சவ காலத்தில் அத்துறையில் நிற்பதற்கு இடமிராது. சிறிய கடைகள், தேநீர், காத்திருக்கும் அடியார், பால்குடம் தலையில் தாங்கியவர், கைக்குழந்தையோடு வந்த தாய் எல்லோரும் ஒரே வரிசை. அம்பாளுக்குப் பூக்கொண்டு நாகம் கடலில் நீந்தி வந்தது என்னும் தலவரலாற்றைக் கேட்டவர்களுக்கு, அந்தக் கடலையே தாமும் கடப்பது தரிசனத்தின் முதற்பகுதியாகிவிடுகிறது. மூதூர் இறங்குதுறை ஒரு காலத்தில் எவ்வாறிருந்தது என அறிய விரும்பும் கொட்டியாரத்து இளைஞர் ஒருமுறை குறிகட்டுவானுக்குப் போய் நிற்கலாம். அத்தீவு மக்களுக்கும் கடல் இரக்கம் காட்டியதென்று சொல்ல முடியாது. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகில் வந்த நெடுந்தீவு மக்கள் முப்பதுக்கு மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

பாலம் எல்லா இடத்தையும் இணைத்துவிட்டது என்று கொட்டியாரத்திலும் கிண்ணியாவிலும் முற்றாகச் சொல்வதற்கில்லை. குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் கட்டப்படும் வேளையில் மக்கள் மிதப்புப் பாதையிலேயே கடந்து வந்தனர். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் காலை அது கவிழ்ந்து, பாடசாலைக்குச் சென்ற சிறுபிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். நவம்பர் என்பது வாடைக்காற்றும் மழைநீரும் பெருகும் காலம் என்பதை அங்கு வாழ்ந்த மூத்த தோணிக்காரர் எவரும் சொல்லியிருப்பர். இத்தனை பேர்தான் ஏறலாம் என்று கையை நீட்டித் தடுப்பது பழைய துறைகளில் தோணிக்காரருக்கு உரிய அதிகாரமாகவே இருந்தது. ஆள் நிறைந்தபின் உத்தியோகத்தர் வந்தாலும் அடுத்த தோணிதான்.

2025 ஏப்ரலில் சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்கான தொடக்க விழா நடந்தது. பத்திரகாளி அம்பாளின் சந்நிதியில் மீண்டும் மணி ஒலிக்கிறது. கரையிலே வாடிகளும் வள்ளங்களும் மீண்டும் உள்ளன. எழுபது வயதைக் கடந்த சிலருக்கு, எந்தக் குடும்பத்தார் எந்தத் துறையில் தோணி விட்டனர், எந்த ஊரார் எந்தத் திருவிழாவுக்கு எதனைக் கொண்டுபோயினர் என்பது இன்னும் நினைவிருக்கிறது. முகாம் வாழ்வில் ஏடும் பற்றுச்சீட்டும் உறுதிகளும் அழிந்துபோன ஊர்களில் அவர்களது வாய்மொழியே எஞ்சியிருக்கும் கோயிற் கணக்கு. ஊர்க் கோயில் பரிபாலன சபைகள், திருவிழாக் கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களிலாவது, அதனை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைத்துக்கொள்ளலாம்.